வில்லும் சில்லும்

கடந்த மார்கழி விடுமுறையில் ஒரு நாள் மாலை, முற்றத்துச் செவ்வரத்தைக்கு நான் நீர் வார்த்துக்கொண்டிருந்த வேளையில், எங்கள் வீட்டு வாயிலில் ஒரு கார் வந்து நின்றது. நின்றது என்பதிலும் படுத்தது என்று சொல்வதே பொருந்தும். அத்துணைத் தாழ்வாக இருந்தது அது. வாயிலில் உள்ள சிறு மேட்டைக்கூட அதனால் ஏற முடியவில்லை. கதவைத் திறந்து இறங்கியவர், பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் பௌதிகவியல் பயின்ற மாணவர். இன்று அவர் ஒரு வங்கியில் உத்தியோகம் பார்க்கிறார். ஒன்பது வயதுப் பெண் பிள்ளைக்குத் தந்தை.

காரின் இடப்பக்கப் பின் மட்காட் நசுங்கி, அதன் மடிப்பில் செம்மண் காய்ந்து கிடந்தது. நான் கேட்கு முன்னரே அவர் சொல்லத் தொடங்கினார். முந்திய வாரம் மகளை அருகில் இருத்திக்கொண்டு நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு இறங்கியிருக்கிறார். றம்பொடைக்கு அண்மையில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வளைவில், வேகம் மிகுதியில்லாத நிலையிலேயே, வீதியில் இருந்த பள்ளம் ஒன்றில் பின் சில்லு இறங்கியது. அடுத்த கணம் காரின் பின்புறம் விலகிச் சுழன்று மலைப்பக்கத்து மண்மேட்டில் மோதி நின்றது. மறுபக்கத்தில் மண்மேடு இல்லை, பள்ளத்தாக்குத்தான் இருந்தது.

“பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை, சேர். ஆனால் இனி இந்தக் காரில் ஏற மாட்டேன் என்கிறாள்” என்றார். பிறகு சற்றுத் தயங்கி, “விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன்” என்றார்.

“விற்பதற்கு முன்னர் கணக்கைப் பார்ப்போம்” என்றேன். அந்த விடுமுறையிலும் அதை அடுத்து வந்த விடுமுறையிலும் நாங்கள் இருவரும் பார்த்த கணக்கையே இங்கு எழுதுகிறேன். விளையாட்டுக் கார் வைத்திருப்போர் நம்மிடையே சிலரே. ஆயினும் காரோ வானோ வைத்திருக்கும் எவர்க்கும் இது பயன்படும்.

கார் யாது?

யப்பானிய மாஸ்டா நிறுவனம் 1989 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் சிக்காகோ மோட்டார்க் கண்காட்சியில் ஒரு சிறு காரை உலகுக்குக் காட்டியது. எம்.எக்ஸ்-5 என்பது அதன் பெயர். யப்பானில் அதற்கு யூனோஸ் ரோட்ஸ்ரர் என்று பெயரிட்டனர். இருவர் மாத்திரமே அமரலாம், கூரையை மடித்துவிடலாம். எஞ்சின் முன்னே இருக்கும். இயக்கமோ பின் சில்லுகளுக்குச் செல்லும். எஞ்சினின் கொள்ளளவு 1.6 லீற்றர். நிறை ஏறத்தாழ 950 கிலோகிராம். வலிமையால் அன்றி, இலேசான உடலாலும் நடை நயத்தாலும் அது பெயர் பெற்றது. 2016 ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்த இனக் கார்களின் எண்ணிக்கை பத்து இலட்சத்தை எட்டியது. இருவர் அமரும் திறந்த விளையாட்டுக் கார்களுள் உலகில் மிகுதியாக விற்பனையானது இதுவே.

என் மாணவரிடம் இருந்தது இதன் முதற் தலைமுறைக் கார். வாங்கிய சில மாதங்களுள், முன்பு ஒருவர் பாவித்த ‘கொயில் ஓவர்’ என்னும் சீராக்கக்கூடிய சஸ்பென்ஷன் தொகுதி ஒன்றையும், 17 அங்குலச் சில்லுகள் நான்கையும் அவர் பூட்டுவித்திருந்தார். காரை 70 மில்லிமீற்றர் தாழ்த்தியும் இருந்தார். “பார்வைக்கு அழகாக இருந்தது, சேர்” என்றார். உண்மைதான். நின்ற கோலத்தில் அழகாகவே இருந்தது.

நான்கு உள்ளங்கைகள்

முதற் கணக்கு மிக எளியது. ரயரினுள் அடைத்த காற்றின் அமுக்கமே காரின் நிறையைத் தாங்குகிறது. இந்தக் காருக்கு உற்பத்தியாளர் விதித்த அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 26 இறாத்தல். அதாவது சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 1.83 கிலோகிராம். காரும் சாரதியுமாக 1,020 கிலோகிராம் என்று கொள்வோம். 1,020 ஐ 1.83 ஆல் வகுத்தால் வருவது ஏறத்தாழ 560 சதுர சென்ரிமீற்றர். நான்கு ரயர்களும் வீதியைத் தொடும் மொத்தப் பரப்பு இவ்வளவே. ஓர் ஏ4 தாளின் பரப்பு 620 சதுர சென்ரிமீற்றருக்கும் சற்று அதிகம். ஆகவே, மாணவன் கட்டுரை எழுதும் தாள் ஒன்றினும் சிறிய பரப்பிலேயே முழுக் காரும் நிற்கின்றது. ஒரு சில்லுக்கு 140 சதுர சென்ரிமீற்றர். விரல்களோடு சேர்த்து ஒரு கையளவு.

ரயரின் சுவரும் ஓரளவு பாரத்தைத் தாங்குவதால் இது துல்லியமான கணக்கன்று. எனினும் உண்மைக்கு அண்மையானது. முடுக்குவதும் நிறுத்துவதும் வளைப்பதும் இந்த நான்கு கையளவு இடங்களின் வழியாகவே நிகழ வேண்டும். சஸ்பென்ஷனும் சில்லும் ரயரும் இந்த நான்கு கைகளும் வீதியை விடாது பிடித்திருக்கச் செய்வதற்காகவே உள்ளன.

இங்கு இன்னுமோர் உண்மையையும் மனத்திற் கொள்ள வேண்டும். ஒரு ரயர் மேல் அழுத்தும் பாரத்தை இரட்டித்தால் அதன் பிடிமானம் இரட்டிப்பதில்லை. அதனினும் குறைவாகவே கூடுகிறது. வளைவில் செல்லும்போது உட்பக்கச் சில்லுகளின் பாரம் வெளிப்பக்கச் சில்லுகளுக்கு மாறுகின்றது. உட்பக்கம் இழக்கும் பிடியை வெளிப்பக்கம் முழுமையாக ஈடுசெய்வதில்லை. எனவே பாரம் எவ்வளவு மாறுகிறதோ அவ்வளவுக்கு மொத்தப் பிடி குறையும்.

“அதற்காகத்தானே சேர் வன்மையான வில் போட்டேன்! கார் சாயாது, பாரமும் மாறாது” என்றார் மாணவர். இது பலரும் கொண்டிருக்கும் பிழையான எண்ணம். பாரம் எவ்வளவு மாறும் என்பதைத் தீர்மானிப்பவை காரின் திணிவு, அதன் ஈர்வை மையத்தின் உயரம், இரு பக்கச் சில்லுகளுக்கும் இடைப்பட்ட அகலம், வளைவில் எடுக்கும் வேகம் என்பனவே. வில்லை வன்மையாக்கினால் சாய்வு குறையும். மாறும் பாரத்தின் தொகை குறையாது. ஆயின், முன்புற வில்லுக்கும் பின்புற வில்லுக்கும் உள்ள வன்மை விகிதம், மாறும் பாரத்தில் எத்தனை பங்கை எந்தப் பக்கம் ஏற்பது என்பதைத் தீர்மானிக்கும். பின்புறத்தை அளவுக்கு மேல் வன்மையாக்கினால் பின்புறமே முதலில் பிடியை இழக்கும். மழைநாளில் வளைவில் பின்புறம் விலகினால், தேர்ந்த சாரதிக்கும் அதை மீட்பது கடினம்.

ஊசலும் வில்லும்

சஸ்பென்ஷனில் இரண்டு உறுப்புகள் இரண்டு தொழில்களைச் செய்கின்றன. பாரத்தைத் தாங்குவது சுருள்வில். அமுங்கிய வில் மீண்டும் மீண்டும் துள்ளாதபடி அடக்குவது ஷொக் அப்சோபர். அதன் உள்ளே எண்ணெய் சிறு துளைகளினூடே தள்ளப்படுகிறது. துள்ளலின் சக்தி வெப்பமாகி மறைகிறது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்து, வில் அமரும் தட்டைப் புரியிட்ட உடலில் மேலும் கீழும் நகர்த்தக்கூடியவாறு செய்தால் அதுவே கொயில் ஓவர்.

வில் எவ்வளவு வன்மையாக இருக்க வேண்டும்? இதற்கு எங்கள் ஆய்கூடத்தில் ஒரு பழைய உபாயம் உண்டு. 25 சென்ரிமீற்றர் நீளமுள்ள எளிய ஊசல் ஒருமுறை சென்று மீள ஒரு செக்கன் எடுக்கும். ஒரு வில் தன்மேல் வைத்த பாரத்தால் 25 சென்ரிமீற்றர் அமுங்குமாயின், அதுவும் செக்கனுக்கு ஒருமுறையே துள்ளும். 11 சென்ரிமீற்றர் அமுங்கினால் ஒன்றரை முறை. 6.2 சென்ரிமீற்றர் அமுங்கினால் இருமுறை. மென்மையாக ஓடும் குடும்பக் கார்கள் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடைப்பட்டவை. வீதியில் ஓடும் விளையாட்டுக் காருக்கு ஒன்றரை முதல் இரண்டு வரை பொருந்தும். அதற்கு மேற்பட்டவை சமதளமான பந்தயத் தடத்துக்கு உரியவை.

மாணவரின் காரில் முன்பக்க வில் மில்லிமீற்றருக்கு 10 கிலோகிராம் வன்மையுடையது. சில்லு 10 சென்ரிமீற்றர் உயரும்போது வில் 7 சென்ரிமீற்றரே அமுங்குவதை அளந்து கண்டோம். ஏனெனில் வில் சில்லின்மேல் நேராக நில்லாது, சில்லைத் தாங்கும் கையின் இடையில் நிற்கின்றது. இந்த 0.7 என்னும் விகிதத்தை இருமுறை பெருக்க வேண்டும்: நெம்புகோலால் விசையும் குறைகிறது, தூரமும் குறைகிறது. ஆகவே சில்லில் உணரப்படும் வன்மை 10 அன்று, ஏறத்தாழ 5. ஒரு மூலையில் வில் தாங்கும் பாரம் ஏறத்தாழ 225 கிலோகிராம். 225 ஐ 5 ஆல் வகுத்தால் 45 மில்லிமீற்றர் அமுக்கம். செக்கனுக்கு ஏறத்தாழ 2.35 துள்ளல். பள்ளமும் திட்டியும் நிறைந்த மலைவீதிக்கு அது ஏற்ற வில்லன்று.

முட்டுக்கட்டையில் முட்டிய கதை

வில்லைக் காட்டிலும் கொடியது தாழ்த்தலில் நேர்ந்த பிழை. ஷொக் அப்சோபரின் தண்டு உள்ளே செல்லக்கூடிய தூரத்துக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையில் இறப்பர் முட்டுக்கட்டை ஒன்று இருக்கும். வில் தட்டைக் கீழே இறக்கி இறக்கிக் காரைத் தாழ்த்தியதால், பின் சில்லு மேலெழுவதற்கு 20 மில்லிமீற்றர் இடமே எஞ்சியிருந்தது. றம்பொடை வளைவில் கார் சாய்ந்தபோது அந்த இடத்தில் ஒரு பங்கு முடிந்தது. பள்ளத்திலிருந்து ஏறியபோது மிகுதியும் முடிந்தது. தண்டு முட்டுக்கட்டையில் முட்டியதும் வில்லின் வன்மை பன்மடங்கானது போலாயிற்று. அக்கணத்தில் ஈரவீதியில் ஒரு கையளவு இறப்பர் தாங்க முடியாத பாரத்தைத் தாங்க நேர்ந்து, பிடியை விட்டது.

இதனை முன்னரே அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஷொக் அப்சோபரின் தண்டில் மெல்லிய பிளாஸ்ரிக் கட்டு ஒன்றைத் தளர்வின்றிக் கட்டிவிட்டுச் சில நாள் ஓட்டிப் பாருங்கள். தண்டு எவ்வளவு உள்ளே சென்றதோ அவ்விடத்தில் கட்டு தங்கி நிற்கும். அது முட்டுக்கட்டையருகே சென்று நின்றால் காரை உயர்த்த வேண்டும் என்பதே பொருள்.

நல்ல தொகுதிகளில் வில் தட்டு வேறாகவும், கீழ்ப்பகுதியின் நீளத்தை மாற்றும் புரி வேறாகவும் இருக்கும். காரின் உயரத்தைக் கீழ்ப் புரியால் மாற்றினால் தண்டின் இயக்கத் தூரம் குறையாது. வில் தட்டை, வில் ஆடாமல் அமரும் அளவுக்கு இறுக்கினாற் போதும். மேலும் இறுக்கினால் வில் வன்மையாகும் என்று எண்ணுவோர் உளர். சீரான வில்லின் வன்மை அதனால் மாறாது; உயரமே மாறும்.

பூட்டும் முறை

மாணவர் தொகுதியை மாற்றத் தீர்மானித்தார். மில்லிமீற்றருக்கு 6 கிலோகிராம் வன்மையுள்ள முன்பக்க வில்லும் அதற்கு இயைந்த பின்பக்க வில்லும் கொண்ட புதிய தொகுதியை வாங்கினார். முன்பக்கம் செக்கனுக்கு 1.8 துள்ளல் என்று கணக்கு வந்தது. பூட்டும்போது நாங்கள் கைக்கொண்ட விதிகள் இவை.

ஜாக்கை மாத்திரம் நம்பிக் காரின் கீழே செல்லலாகாது. உறுதியான தாங்கிகள் மீது காரை இருத்திய பின்னரே கை வைத்தல் வேண்டும். பழைய வில் அமுங்கிய நிலையில் இருப்பதால், அதை அடக்கும் கருவி இன்றி உச்சி நட்டைக் கழற்றுவது உயிருக்கு ஆபத்து. அதில் பழக்கமில்லாதவர் மெக்கானிக்கிடம் விடுவதே அறிவுடைமை. நாங்களும் அவ்வாறே செய்தோம்.

அடுத்தது பலரும் மறப்பது. சில்லைத் தாங்கும் கைகளின் மூட்டுகளில் இறப்பர்ப் புஷ்கள் உள்ளன. சில்லு அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டுகளை முற்ற இறுக்கினால், காரைக் கீழே இறக்கியதும் அந்த இறப்பர் முறுகி நிற்கும். விரைவில் கிழிந்தும் போகும். ஆகவே போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, காரின் பாரம் சில்லுகள் மேல் அமர்ந்த பின்னரே, முறுக்கு அளவி கொண்டு உற்பத்தியாளர் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும்.

உயரத்தைத் தரையிலிருந்து அளக்கலாகாது. சில்லின் நடுவிலிருந்து மட்காட்டின் விளிம்பு வரை அளக்க வேண்டும். அப்போது ரயரின் தேய்வோ காற்றோ அளவைக் குழப்பாது. மூலக் காரினும் 30 மில்லிமீற்றர் தாழ்வாக நிறுத்தினோம். அதற்கு மேல் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

அதன் பின் நான்கு மின்தராசுகள் உள்ள ஒரு கராஜுக்குச் சென்றோம். ஒரு கால் குட்டையான முக்காலியே ஆடாது, நாற்காலி ஆடும். காரும் நாற்காலியே. ஒரு மூலையின் வில் தட்டு சற்று உயர்ந்திருந்தால், அம்மூலையும் அதற்கு எதிர்மூலையும் மிகுதியான பாரத்தைச் சுமக்கும். சாரதியின் ஆசனத்தில் அவரையே இருத்தி, முன் வலதும் பின் இடதும் சேர்ந்து சுமக்கும் பாரம் மொத்தத்தில் பாதியாகும்வரை தட்டுகளைச் சிறிது சிறிதாகத் திருப்பினோம். அதன் பின்னரே கார் இடவளைவிலும் வலவளைவிலும் ஒரே தன்மையாக நடந்தது.

இறுதியாகச் சில்லுகளின் கோணம். ‘கம்பர்’ என்று மெக்கானிக் சொன்னபோது என் தமிழ் நெஞ்சம் திடுக்குற்றது. கவிச்சக்கரவர்த்திக்கும் இதற்கும் தொடர்பில்லை. சில்லின் உச்சி உட்புறமாகச் சாய்ந்திருக்கும் கோணத்தையே அவர் குறித்தார். வீதிக் காருக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பாகை போதும். சில்லுகள் உட்புறமோ வெளிப்புறமோ நோக்கித் திரும்பி நிற்பது ‘ரோ’ எனப்படும். அது ஒரு பாகை பிழைத்தாலே, ஒவ்வொரு கிலோமீற்றர் ஓட்டத்திலும் ரயர் 17 மீற்றர் தூரம் பக்கவாட்டில் இழுபடுவதற்குச் சமம். உயரத்தை மாற்றினால் இவ்விரண்டும் மாறும். ஆதலால் உயரத்தைத் தீர்த்த பின்னரே கோணங்களைச் சரிசெய்தல் வேண்டும்.

சில்லின் இலக்கணம்

சில்லை வாங்குவோர் நோக்க வேண்டியவை ஐந்து: விட்டம், அகலம், போல்ட் வட்டம், குடத்தின் துளை, ஓஃப்செற். இந்தக் காருக்கு நான்கு போல்ட்டுகள், 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில் அமையும். நடுத்துளை 54.1 மில்லிமீற்றர். துளை பெரிதாயின், இடைவெளியை நிரப்பும் வளையம் வேண்டும். இன்றேல் சில்லு நடுவில் அமராது அதிரும். நட்டின் இருப்பிடம் கூம்பு வடிவமா கோள வடிவமா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

ஓஃப்செற் என்பது, குடத்தோடு சில்லு பொருந்தும் முகத்துக்கும் சில்லின் அகலத்து நடுக்கோட்டுக்கும் இடையிலுள்ள தூரம். மூலச் சில்லு 5.5 அங்குல அகலமும் 45 மில்லிமீற்றர் ஓஃப்செற்றும் உடையது. நாங்கள் தேர்ந்தது 7 அங்குல அகலமும் 35 ஓஃப்செற்றும் உடைய 15 அங்குலச் சில்லு. ஒன்றரை அங்குலம் கூடியதால் இருபுறமும் 19 மில்லிமீற்றர் வளர்ந்தது. ஓஃப்செற் 10 குறைந்ததால் முழுச் சில்லும் 10 மில்லிமீற்றர் வெளியே நகர்ந்தது. எனவே வெளிவிளிம்பு 29 மில்லிமீற்றர் வெளியே வந்தது. உள்விளிம்பு 9 மில்லிமீற்றர் உள்ளே சென்றது. மட்காட்டும் ஷொக் அப்சோபரும் அதற்கு இடந்தருமா என்பதைக் கடதாசியிலே பார்த்துவிடலாம். பணங்கொடுத்த பின் பார்க்க வேண்டியதில்லை.

ஏன் 17 அங்குலத்தைக் கைவிட்டோம்? சில்லு பெரிதாகும்போது பெரும்பாலும் நிறையும் கூடும். வில்லினால் தாங்கப்படாத அந்நிறை மேடுபள்ளங்களில் தாறுமாறாகத் துள்ளும். அதை அடக்குவது ஷொக் அப்சோபருக்குப் பெருஞ்சுமை. வடிவத்தில் மயங்கி, தரச் சான்றில்லாத போலிச் சில்லுகளை வாங்குவது அதனினும் தீது. யப்பானியச் சில்லுகளில் ஜே.டபிள்யூ.எல். என்னும் முத்திரை இருக்கும். பள்ளத்தில் உடையும் சில்லுக்கு அழகு எதற்கு?

ரயரின் சாதகம்

ரயரின் சுவரில் அதன் சாதகம் முழுவதும் எழுதியிருக்கிறது, வாசிப்பார்தாம் குறைவு. 195/50 ஆர் 15 82 வி என்று இருந்தால், அகலம் 195 மில்லிமீற்றர். சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 50 பங்கு. சில்லின் விட்டம் 15 அங்குலம். 82 என்பது 475 கிலோகிராம் சுமக்கும் என்பதன் குறி. வி என்பது மணிக்கு 240 கிலோமீற்றர் வேகம் வரை தாங்கும் என்பதன் குறி. ஆர் என்பது றேடியல். பிரான்சின் மிச்சலின் நிறுவனம் 1946 ஆம் ஆண்டு உரிமம் பெற்ற அமைப்பு அது.

மூல ரயர் 185/60 ஆர் 14. அதன் முழு விட்டம் 577.6 மில்லிமீற்றர். 195/50 ஆர் 15 இன் விட்டம் 576. வேறுபாடு இரண்டு மில்லிமீற்றருக்கும் குறைவு. வேகமானி பொய் சொல்லாது. மாணவர் முன்பு பூட்டியிருந்த 205/40 ஆர் 17 இன் விட்டமோ 595.8, நூற்றுக்கு மூன்று பங்கு மிகுதி. மானி காட்டியதினும் விரைவாகவே அவர் ஓடிக்கொண்டிருந்தார். அதன் சுவர் 82 மில்லிமீற்றர். புதியதன் சுவர் 97.5. அந்த 15 மில்லிமீற்றர் காற்றும் ஒரு வில்லே.

ரயரின் பிறந்த நாளும் அதில் உண்டு. டி.ஓ.ரி. என்னும் எழுத்துகளோடு தொடங்கும் வரியின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரம். மாணவரின் பழைய ரயர்களை நான் வாசித்தேன். அவை பிறந்து ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்தன. தவாளிப்பு ஆழமாக இருந்தது. ஆனால் இறப்பர் நகத்துக்கு இளகவில்லை. தேயாத ரயர் நல்ல ரயர் என்று அவர் எண்ணியிருந்தார். வெயிலும் காற்றும் இறப்பரை மூப்படையச் செய்யும் என்பதை அவர் எண்ணவில்லை.

இறப்பரின் தன்மை இந்நாட்டவர்க்குப் புதிதன்று. பிறேசிலின் விதைகளிலிருந்து இலண்டன் கியூ பூங்காவில் முளைத்த கன்றுகள் 1876 ஆம் ஆண்டு கம்பகாவின் ஹெனரத்கொட பூங்காவை வந்தடைந்தன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கு அதுவும் ஒரு தொடக்கம். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1888 இல், பெல்பாஸ்ற் நகரின் மிருக வைத்தியர் டன்லப், தம் மகனின் முச்சக்கர வண்டிக்காகச் செய்த காற்றடைத்த ரயருக்கு உரிமம் பெற்றார். ரயர் பிறந்ததே ஒரு தந்தை தம் பிள்ளையின் சவாரி இதமாக இருக்க வேண்டும் என்று எண்ணியதனால்தான்.

பந்தயத் தடத்துக்கென்று செய்த, தவாளிப்புக் குறைந்த ரயர்களும் கடையில் உண்டு. உலர்ந்த தடத்தில் அவை சிறந்தவை. அடைமழையில் நீரை வெளியேற்ற மாட்டாதவை. புதிய ரயரின் தவாளிப்பு ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் ஆழமுடையது. பல நாடுகளில் சட்டம் விதிக்கும் எல்லை 1.6. நம் மலைநாட்டு மழைக்கு 3 மில்லிமீற்றரிலேயே மாற்றிவிடுவது நல்லது. காற்றை ஓடுவதற்கு முன்னர், ரயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். கையாற் தட்டிப் பார்ப்பது அளவையன்று.

ஒரு கொப்பி, ஒரு மாற்றம்

புதிய ஷொக் அப்சோபர்களின் தலையில் ஒரு குமிழ் உண்டு. திருப்பத் திருப்பக் ‘கிளிக்’ என்று ஒலிக்கும். முற்ற மென்மையான நிலையிலிருந்து எண்ணத் தொடங்கினோம். ஒரு நேரத்தில் இரண்டு கிளிக். முன்பக்கமோ பின்பக்கமோ ஒன்று மாத்திரம். அதே வீதியில், அதே வேகத்தில், அதே காற்றமுக்கத்தில் ஓடிப் பார்த்து, கொப்பியில் குறித்தோம். இரண்டை ஒருங்கே மாற்றினால், நன்மை எதனால் விளைந்தது, தீமை எதனால் விளைந்தது என்று அறிய முடியாது. பாடசாலை ஆய்கூடத்தில் முதல் நாள் கற்பிக்கும் பாடம் இதுவே. பின்பக்கம் மென்மையாக, முன்பக்கம் சற்று இறுக்கமாக வைத்தபோது கார் ஈரவீதியில் அமைதியடைந்தது.

அன்று மாலை மாணவர் கொப்பியை மூடிவிட்டு, “பிழை காரில் இல்லை, சேர், கணக்குப் பாராமல் பூட்டியதில்தான்” என்றார். சீராக்கக்கூடிய சஸ்பென்ஷன் மனிதனுக்கு ஒரு சுதந்திரத்தைத் தருகிறது. தொழிற்சாலையின் பொறியியலாளர் பலர் சேர்ந்து தீர்த்த அளவை, ஒரு சாவியால் நாமே மாற்றிவிடலாம். ஆனால் மாற்றிய கணத்திலிருந்து அந்தப் பொறியியலாளர்களின் பொறுப்பும் நம்முடையதாகிவிடுகிறது. அருகில் அமர்ந்திருப்பவர் அந்தப் பொறுப்பை நம்பியே அமர்ந்திருக்கிறார்.

சென்ற மாதம் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. மகளை ஒருவாறு இணங்கச் செய்து, மீண்டும் நுவரெலியாவுக்குப் போய் வந்தாராம். அதே வீதி, அதே மழை. வளைவு நெருங்கியபோது வேகத்தைக் குறைத்தாராம். பள்ளம் இருந்தது, கார் ஒருமுறை எழுந்து தாழ்ந்து அடங்கியது.

“பிள்ளை பயந்தாளா?” என்று கேட்டேன்.

“இல்லை, சேர். அவள் நித்திரை” என்றார்.